காயாத எண்ணெய், இறுகும் எண்ணெய்

“அண்ணே, தைல வண்ணத்துக்கு ஆளி விதை எண்ணெய்தான் வேணுமா? நம்ம பக்கமெல்லாம் செம்பனைதானே, அந்த எண்ணெயில குழைச்சா ஆகாதா?”

மலாக்காவின் லூபோக் சீனாவில் தூரிகை பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஒரு தே தாரிக் வரவழைத்துக்கொண்டு நிதானமாகப் பேச வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை தெரிந்துவிட்டால் தைல ஓவியரின் அறையில் எந்தப் பொருள் எதற்காக இருக்கிறது, அவர் ஏன் அப்படி ஒரு ஒழுங்கோடு வேலை செய்கிறார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். செம்பனை எண்ணெயில் வரைய முடியாது. அது காயவே காயாது. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். ஆளி விதை எண்ணெய் காயும். ஆனால் துணி காய்வதுபோல் அது காய்வதில்லை. துணியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. ஆளி விதை எண்ணெயிலிருந்து சொல்லும்படியாக எதுவும் வெளியேறுவதில்லை. அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் காயக் காய முதலில் அதன் எடை கூடுகிறது. ஈரம் போய்க் காய்கிற பொருளில் இது நடக்காது.

எண்ணெய் என்பது நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகளால் ஆனது. அந்தச் சங்கிலிகளில் சில இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கும். ஆக்சிஜன் வேலை செய்வது அங்கேதான். அந்த இடங்களில் ஒரு சங்கிலி இன்னொன்றோடு பிணைந்து, அது மற்றொன்றோடு பிணைந்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே வலைப்பின்னலாகிவிடும். அதன் பிறகு அது எண்ணெய் அல்ல, வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் கெட்டியான படலம். மறுபடி எண்ணெய் ஊற்றினாலும் அது கரையாது.

ஓர் எண்ணெயில் இந்த இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு என்பதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று இருக்கிறது. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்றுக்கொள்கிறது என்ற கணக்கு. ஆளி விதை எண்ணெய்க்கு இது ஏறத்தாழ 170 முதல் 200 வரை. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. செம்பனை எண்ணெய்க்கு 50 முதல் 55 வரைதான். தேங்காய் எண்ணெய்க்கு வெறும் 6 முதல் 11. எண் 130ஐத் தாண்டினால் ஓவியருக்கு உதவும் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். சமையலுக்கு நமக்கு வேண்டியது நெடுநாள் கெடாமல் அப்படியே இருக்கும் எண்ணெய். ஓவியருக்கு வேண்டியது காற்றுப் பட்டதும் மாறிப்போகும் எண்ணெய். ஆகவே செம்பனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் தொழில் வேறு.

நம் தோட்டத்து வாழ்க்கையில் இதற்கு நெருக்கமான எண்ணெய் ஒன்று இருக்கத்தான் செய்தது. கித்தாக் கொட்டை ஞாபகம் இருக்கிறதா? வெயில் காலத்தில் பால்மரக் காட்டில் படீர் படீரென்று வெடித்துச் சிதறும். பிள்ளைகள் அதைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்து விளையாடுவார்கள். அந்தக் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயின் அயோடின் எண் 130க்கு மேல் போகும். மெதுவாகத்தான், ஆனாலும் இறுகும். பெயிண்டுக்கான பிசின்கள் தயாரிக்க அதை ஆய்வாளர்கள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். நம் சமையலறையில் இருக்கும் புவா கெராஸ் கொட்டையின் எண்ணெயும் இறுகும் இனம்தான். இருந்தாலும் படம் வரைய ஆளி விதை எண்ணெயையே வாங்குங்கள் என்பேன். அதன் குணத்தைப் பல நூற்றாண்டு ஓவியங்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. வன்பொருள் கடையில் விற்கும் ‘பாய்ல்ட்’ ஆளி எண்ணெய் வேண்டாம். சீக்கிரம் காய வைக்கும் உலோக உப்புகளைக் கலந்திருப்பார்கள். மரச்சாமானுக்குச் சரி, படத்தில் நிறம் கறுத்துப் போகும். அதே கடையின் தின்னரும் வேண்டாம். ஓவியருக்கென்று விற்கும் டர்பன்டைனோ, வாடை குறைந்த மினரல் ஸ்பிரிட்டோ போதும்.

எண்ணெய் காற்றால் இறுகுகிறது என்ற இந்த ஒரு செய்தியிலிருந்து மூன்று கட்டளைகள் பிறக்கின்றன.

முதலாவது, கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல். படத்தை அடுக்கடுக்காக வரைகிறோம். எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு மெதுவாக இறுகும், இறுகும்போது அசையும். அதைக் கீழே பூசி, சீக்கிரம் இறுகும் மெல்லிய அடுக்கை மேலே பூசினால், மேல் அடுக்கு கெட்டியான பிறகும் கீழே அசைவு நிற்காது. மேல்பரப்பு குளத்துச் சேற்றுப் பொருக்கைப்போல் வெடித்துவிடும். எனவே முதல் அடுக்கை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் போடுங்கள். அடுத்ததில் டர்பன்டைனைக் குறையுங்கள். கடைசி அடுக்கில் ஓரிரு சொட்டு எண்ணெய் சேருங்கள். நிறத்துக்கு நிறம் காயும் வேகமும் மாறும். அம்பர் எனும் பழுப்பு மண்ணில் மாங்கனீஸ் இருப்பதால் அது ஓரிரு நாளிலேயே தொட்டுப் பார்க்கும் அளவுக்கு இறுகிவிடும். வெள்ளைக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். தந்தக் கறுப்பு அதைவிடச் சோம்பேறி. அதனால்தான் பழைய ஓவியர்கள் பழுப்பு மண்ணை அடித்தளமாக வைத்தார்கள்.

இரண்டாவது கட்டளை உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது. கேன்வாஸில் மெல்லிய படலமாக இருந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. யாரும் நெருப்பு வைக்காமலே அந்தக் குவியல் பற்றிக்கொள்ளும். தச்சுப் பட்டறைகளிலும் ஓவிய அறைகளிலும் இப்படித் தீ பிடித்தது உண்டு. துடைத்த துணியை வெளியே, கொடியில் தனித்தனியாக விரித்துப் போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பலகை வீடுகள் நெருங்கியிருந்த லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தீ என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, அவசரப்பட்டு வார்னிஷ் பூசாதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் படம் இறுகிவிட்டது என்று பொருளில்லை. உள்ளே மாதக்கணக்கில் வேலை நடந்துகொண்டிருக்கும். மெல்லிய படத்துக்கு ஆறு மாதமாவது, தடித்துப் பூசிய படத்துக்கு ஓர் ஆண்டாவது பொறுக்க வேண்டும்.

வார்னிஷைப் பேசும்போது நம் காட்டைப் பேசாமல் முடியாது. ஐரோப்பிய ஓவியர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து விரும்பிப் பூசிவரும் டமார் வார்னிஷ், இந்த மலாய் மண்ணின், சுமத்திராவின் காட்டு மரங்கள் வடிக்கும் பிசின். இங்கே அதைத் தீப்பந்தத்துக்கும் படகின் இடுக்கு அடைக்கவும் பயன்படுத்தினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலியம் தரும் மரமும் அதே குடும்பம்தான். பிசின் கட்டிகளை மெல்லிய துணியில் முடிந்து டர்பன்டைனில் தொங்கவிட்டால் ஓரிரு நாளில் கரைந்துவிடும், அடியில் அழுக்கு தங்கும். இறுகிய எண்ணெய்ப் படலம் சாதாரணக் கரைப்பானில் கரையாது. டமாரை ஏற்ற கரைப்பான் கொண்டு பிறகு கழற்றிவிட முடியும். பல ஆண்டுகளில் தூசியும் மஞ்சளும் ஏறிய வார்னிஷை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம், கவனமாகச் செய்தால் அடியில் இருக்கும் படத்துக்குச் சேதமில்லை. படத்துக்கும் காலத்துக்கும் நடுவே அது நின்றுகொள்கிறது.

இனி கேன்வாஸ். லினன் துணி ஆளிச் செடியின் நாரிலிருந்தே வருகிறது. ஆனால் அதே செடியின் எண்ணெய் நேரடியாகப் பட்டால் அந்த நார் நாளடைவில் மக்கிவிடும். பருத்தியும் அப்படியே. அதனால் துணிக்கும் எண்ணெய்க்கும் இடையில் தடுப்பு வேண்டும். முதலில் பசை, அதன் மேல் வெள்ளைப் பூச்சு. இந்த வரிசை நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பலகைப் படக்காரர்கள் பலாப் பலகையில் துணி ஒட்டி, புளியங்கொட்டைப் பசையோடு சுண்ணாம்புப் பொடி குழைத்துப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கித்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஐரோப்பாவில் முயல் தோலிலிருந்து காய்ச்சிய பசையைப் பூசினார்கள். நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் பொருளின் உறவு அது. மலாக்காவின் ஈரக் காற்றுக்கு அது ஒத்துவராது. ஈரத்தை உறிஞ்சித் துணி தொய்யும், பூஞ்சை பிடிக்கும். நம் ஊருக்கு அக்ரிலிக் பூச்சுத்தான் சரி. மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நிறங்களுக்கு வருவோம். மலாக்காவில் போர்த்துகீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையின் வாசல் இன்னும் நிற்கிறது. அதன் கற்களை அருகில் போய்ப் பாருங்கள். துரு நிறத்தில், பொத்தல் பொத்தலாக இருக்கும் செம்புரைக்கல். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. ஓவியர் வாங்கும் மஞ்சள் ஓக்கரும் சிவப்பு ஓக்கரும் அதே இரும்பின் வேடங்கள்தான். மஞ்சள் மண்ணைச் சட்டியில் வறுத்தால் அதில் பிணைந்திருக்கும் நீர் போய்ச் சிவப்பாகும். சாமியார் வேட்டியின் காவியும் இதே இனம். வெயில், மழை, காலம் எதற்கும் அசையாத நிறம் இது.

தோட்டத்துச் சாலையின் செம்மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கலக்குங்கள். சற்று நேரத்தில் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி, தெளியும்வரை விட்டு வையுங்கள். அடியில் படியும் வண்டலை உலர்த்திச் சலியுங்கள். ஒரு கண்ணாடிப் பலகையில் அந்தப் பொடியோடு சில சொட்டு ஆளி எண்ணெய் விட்டுக் கண்ணாடிக் குழவியால் வட்டவட்டமாக அரையுங்கள். வெண்ணெய்ப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். லூபோக் சீனா மண்ணில் செய்த ஒரு நிறம் உங்கள் கையில் இருக்கும். மண்பொடிக்கு விஷம் இல்லை, ஆனாலும் மூக்கை மூடிக்கொண்டு அரையுங்கள்.

வெள்ளைக்கு ஒரு காலத்தில் காரீயத்தைத்தான் நம்பியிருந்தார்கள். அது நஞ்சு. அந்த இடத்தை 20ஆம் நூற்றாண்டில் டைட்டானியம் வெள்ளை பிடித்தது. அதன் மூலப்பொருள் இல்மனைட் என்ற கறுப்பு மணல். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது குவிந்து கிடக்கிறது. 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் கரை மணலின் மதிப்பு அப்படித்தான் உலகுக்குத் தெரிய வந்தது. மலேசியாவிலும் ஈயம் அலசிய பிறகு மிஞ்சும் அமாங் மணலில் இல்மனைட் உண்டு. கறுப்பு மணலிலிருந்துதான் நம் வெள்ளை பிறக்கிறது.

நீலத்துக்கு அல்ட்ராமரின். முன்பு ஆப்கானிஸ்தானத்து மலைக் கல்லை அரைத்து எடுத்தார்கள், விலை தங்கத்துக்கு நிகர். 1820களில் பிரான்ஸில் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். பாட்டிமார் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலக்கட்டியும் அந்தச் செயற்கை நீலம்தான்.

இந்த வண்ணங்களை அடைக்கும் டியூபுக்கும் நம் பக்கத்து ஆற்றுக்கும் ஒரு தொடர்பைச் சொல்ல ஆசைப்படுகிறேன். முன்பு வண்ணக் குழம்பைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். குத்தித் திறந்தால் மறுபடி மூட முடியாது, உள்ளே காற்றுப் புகுந்து கெட்டியாகிவிடும். லண்டனில் வாழ்ந்த ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841ல் மெல்லிய ஈயத் தகட்டால் டியூப் செய்து காப்புரிமை பெற்றார். பிதுக்கி எடுத்துவிட்டு மூடிவிடலாம், காற்று உள்ளே போகாது. காற்றால் இறுகும் பொருளுக்கு அதைவிடப் பெரிய உதவி எது? அந்த நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் லிங்கி ஆற்று வழியாகத்தான் கீழே இறங்கி மலாக்காவுக்குப் போனது. அந்த ஆற்றுச் சுங்கத்துக்காகத் தலைவர்கள் சண்டையிட்டார்கள். நமக்கு வெளியூர்க் கலையாகத் தெரியும் தைல ஓவியத்தின் மேசையில், பிசினும் ஈயமும் செம்மண்ணுமாக நம் பக்கத்துப் பொருள்கள் இவ்வளவு இருக்கின்றன.

தூரிகையில் பன்றி மயிரில் செய்தது முரட்டு வேலைக்கு, மென்மயிர் நுணுக்க வேலைக்கு. தட்டையில் இரண்டு, முனை வளைந்ததில் இரண்டு, உருண்டையில் ஒன்று இருந்தால் முதல் ஆண்டு ஓடிவிடும். வண்ணம் குழைக்க வளையும் தகட்டுக் கத்தி ஒன்று. வண்ணத்தட்டுக்குக் கண்ணாடியே நல்லது, காய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

வெளிச்சத்தில் ஓர் எச்சரிக்கை. வடக்குச் சன்னல் வைத்த அறைதான் ஓவியருக்கு ஏற்றது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சன்னலில் பெரும்பாலும் வெயில் அடிக்காது. நாம் பூமத்திய ரேகைக்கு இரண்டரை பாகைக்குள் இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். புத்தகத்தை நம்பி வடக்கே சன்னல் வைத்தால் ஆண்டில் பாதி நாள் வெயில் உள்ளே விழும். நமக்கு ஏற்றது தாழ்ந்த கூரை இறக்கிய அஞ்சடி. வெயில் வராது, வெளிச்சம் வரும், டர்பன்டைன் வாடையும் தங்காது.

முடிந்த படத்தை இருட்டறையில் பூட்டி வைக்காதீர்கள். ஆளி எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு தெளியும். சுவரோடு ஒட்டியும் மாட்டாதீர்கள். பின்னால் காற்று ஓடச் சிறு கட்டைகள் வைத்தால் பூஞ்சை அண்டாது.

ஒரு நாளின் ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும்? காலையில் முந்தைய நாள் அடுக்கைச் சாய்த்துப் பார்த்து, தொட்டுப் பார்த்து, எதன் மேல் இன்று வேலை செய்யலாம் என்று முடிவெடுங்கள். வண்ணங்களைத் தட்டில் தினமும் ஒரே வரிசையில், வெள்ளை முதல் கறுப்புவரை, கொஞ்சமாகப் பிதுக்குங்கள். கை பழகிவிட்டால் கண் படத்திலேயே இருக்கலாம். அடிக்கடி எழுந்து தள்ளி நின்று பாருங்கள். படம் பார்க்கப்படுவது தூரத்திலிருந்துதான். மாலையில் தூரிகையைத் துணியில் துடைத்து, டர்பன்டைனில் அலசி, சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் நுரை வெள்ளையாகும்வரை கழுவி, மயிரை நேராக்கிப் படுக்க வையுங்கள். அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். போத்தலில் விட்டால் வண்ணம் அடியில் படியும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். நகக்கண்வரை தேய்த்துக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. தேநீர்க் குவளையும் தூரிகைக் குவளையும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. காட்மியம் கலந்த சிவப்பும் மஞ்சளும் வயிற்றுக்குள் போகிற பொருளல்ல.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நுணுக்கங்கள் நம்மவர்களுக்கு எளிதில் கிடைத்தவை அல்ல. 1868ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்து தைல வண்ணத்தில் வரைந்தார். இருபது வயது ரவி வர்மாவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை. அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயக்கரும் தொழிலைச் சொல்லித் தர மறுத்தாராம். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் யாரும் அறியாமல் வந்து ரவி வர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1873ல் சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மாவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. எண்ணெயை எப்படிக் குழைப்பது என்பதை மறைவாகச் சொல்லித் தந்த அந்த மனிதரின் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் வழி திறந்தவர்கள் உண்டு. 1943ல் இராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து வளர்ந்த சையத் தாஜுதீன், சென்னைக் கலைக் கல்லூரியில் படித்துத் திரும்பி மலேசியாவின் முன்னணி ஓவியர்களில் ஒருவரானார். தமிழ்ப் பிள்ளைக்குத் தைல வண்ணம் எட்டாத பொருளல்ல என்பதற்கு அவரே சான்று.

படம் முடிந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய கடைசி வேலை, கேன்வாஸின் மரச்சட்டத்தில் பின்பக்கம் எழுதி வைப்பது. எந்தத் துணி, எந்தப் பூச்சு, எந்த எண்ணெய், என்னென்ன நிறம், எந்தத் தேதியில் முடிந்தது, எப்போது வார்னிஷ் பூச வேண்டும் என்பதையெல்லாம் தமிழிலேயே எழுதுங்கள். அடுத்த ஆண்டு வார்னிஷ் பூச வேண்டிய நாள் உங்களுக்குத் தெரியும். ஐம்பது ஆண்டு கழித்துப் படத்தைச் செப்பனிட வருகிறவருக்கு எதைக் கொண்டு துடைக்கலாம் என்பது தெரியும். உங்களைப் பார்த்துத் தூரிகை எடுக்கும் அடுத்த பிள்ளை, யாரிடமும் இரவில் ஒளிந்து கேட்காமல் எல்லாவற்றையும் அங்கேயே படித்துக்கொள்ளும்.